இருளாயி பார்த்த குருவிப் பெட்டி

என் தங்கை இருளாயி எதையெல்லாம் ஜெயித்தாள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். ஐந்து வயதில் வந்த பெரியம்மையை ஜெயித்தாள். எங்கள் தெருவில் அந்த ஒரு மாதத்தில் ஒன்பது பிள்ளைகள் போனார்கள். இவள் இடது கண்ணை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். பதினெட்டு வயதில் துறையூரில் கட்டிக்கொடுத்தோம். புருஷன் செத்த பதினேழாம் நாள் அவளை வெளியே தள்ளி, பெண்குழந்தையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். நாலாம் நாள் தனியாகத் திரும்பிப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு தோட்ட வேலைக்கு ஏழு பேர் வந்து நின்ற இடத்தில், ஒற்றைக் கண்ணோடு, அந்த வேலையை வாங்கினாள். 1966-ல் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பில் நாற்றுப் பண்ணை வேலைக்குப் போனபோது கண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை எடுத்துக்கொண்டார்கள். மகள் மாரியாயி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள்.

இவற்றுக்கு நடுவில், 1962-ல், படித்த ஒரு பெரிய மனிதர் எழுதி வைத்தது தப்பு, தான் பார்த்ததே சரி என்று நிலைநாட்டினாள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மற்றவற்றுக்கெல்லாம் சாட்சி பலர் உண்டு. இதற்கு அந்த வீட்டுக்கு வெளியே சாட்சி நான் ஒருவன்தான்.

நான் அவளைவிட மூன்று வயது மூத்தவன். பெயர் வீரமலை. எட்டாம் வகுப்பு வரை படித்தேன். திருச்சியில் ஒரு பஸ் கம்பெனியில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எழுதுவதே என் வேலை. ஆகவே இதில் வரும் தேதிகளையும் மணிகளையும் நம்பலாம். நான் கண்ணால் பார்க்காததை அவள் சொன்னதாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தொட்டியத்துக்கு வடக்கே. அப்பா ஆற்றோரத்து வாழைத் தோட்டங்களில் கூலிக்குப் போவார். மேட்டுப் பக்கம் கொஞ்சம் சோளக்கொல்லையைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவளைப் பரண்மேல் ஏற்றினார்கள். அப்போது அவளுக்கு ஆறு வயது. கையில் ஒரு தகர டின், ஒரு குச்சி, ஒரு கவண். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குருவியும் கிளியும் கதிரில் உட்காராமல் விரட்ட வேண்டும். சாயங்காலம் அப்பா வந்து வரப்பில் நடந்தபடியே கொத்துப்பட்ட கதிர்களை எண்ணுவார். எத்தனை கதிரோ அத்தனை அடி, வாழை மட்டையால், முதுகில். நான் அந்த நேரத்தில் வீட்டில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் அழுகிற சத்தம் எனக்குக் கேட்டதில்லை, கொல்லை தூரம். ஆறு வருஷம் இப்படிப் போனது. கடைசி இரண்டு வருஷம் அடி விழவில்லை. எந்தப் பறவை எந்தக் கிளையில் இருந்து எந்தக் கதிருக்கு வரப்போகிறது என்று அது இறக்கை விரிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்து வேலையும் அதனால்தான் கிடைத்தது. பராசரன் என்று ஒரு ரிட்டயரான சயன்ஸ் வாத்தியார். கோயிலுக்கு வடக்கே, கொள்ளிடத்துக்குப் போகிற வழியில் வீடு. பின்னால் பெரிய தோட்டம், தோட்டத்துக் கோடியில் ஓடு போட்ட ஒரு கொட்டகை. வேலைக்கு வருகிறவருக்கு அந்தக் கொட்டகையில் இருந்துகொள்ளலாம், மத்தியானம் வீட்டுச் சாப்பாடும் உண்டு. 1958-ல் வந்து நின்ற ஏழு பேரிடமும் சார் ஒரே கேள்விதான் கேட்டார். தென்னை மரத்தைக் காட்டி, "அங்கே என்ன தெரியறது?" என்றார். ஐந்து பேர் தேங்காய், மட்டை, பாளை என்று சொன்னார்கள். ஒருவன் எலி என்றானாம். இவள், "மூணு கிளிங்க சாமி. ரெண்டு ஆணு, ஒண்ணு பொட்டை. பொட்டைக்குக் கழுத்துல கோடு இல்ல" என்றாள்.

"ஒத்தைக் கண்ணை வச்சுண்டா?" என்று சார் சிரித்தார்.

"ரெண்டு கண்ணு இருந்தா ஆறுன்னா தெரியப்போவுது சாமி?" என்றாளாம். வேலை கிடைத்தது.

சாரின் மனைவி பெயர் குமுதவல்லி. அவர்களுக்கு வீரராகவன் என்று ஒரே பிள்ளை. இருபது வயதில், 1956 ஆவணியில், கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது போய்விட்டான். காரியம் நடந்த அன்று பிண்டத்தை எங்கே வைத்தாலும் காக்கை தொடவில்லையாம். இரண்டு மணி நேரம் காத்திருந்து, கடைசியில் தோட்டத்து மதில் திரும்புகிற மூலையில் வைத்தபோது வந்து எடுத்ததாம். அன்று முதல் அந்த அம்மாள் தினமும், தளிகை என்று அவர்கள் சொல்கிற சமையல் ஆனதும், முதல் கவளத்தை அந்த மூலையில்தான் வைப்பார். வைத்துவிட்டு, காக்கை கொத்தும்வரை பேசாமல் நிற்பார். அதற்கப்புறம்தான் வீட்டில் இலை விழும்.

சாருக்கு வேறு துணை. அவர் பறவைகளைப் பார்த்து நோட்டில் எழுதினார். தேயிலைப் பெட்டிப் பலகையில் குருவி கூடு கட்ட ஒரு பெட்டி செய்தார். முன்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஓட்டை. தன் அறையில் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே தெரிய வேண்டும் என்று, மதில் மூலையில் நட்ட ஒரு மரத்தூணில் அதை அடித்தார். அம்மாள் சோறு வைக்கிற இடத்துக்கும் பெட்டிக்கும் இடையே நான் முழம் போட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டேகால் முழம்.

எந்தப் பறவை வருகிறது, எது எதை விரட்டுகிறது, எது ஜெயிக்கிறது என்று பார்த்துச் சொல்வதும் இருளாயியின் வேலையில் சேர்ந்தது. சாருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். முதல் நாளே ஒரு சட்டம் போட்டார்.

"இருளாயி, நன்னா கேட்டுக்கோ. பெட்டிக்குள்ளே என்ன நடந்தாலும் நீ கை வைக்கப்படாது. விரட்டப்படாது, காப்பாத்தப்படாது. நாம பாக்கறவா, அவ்வளவுதான்."

"பாம்பு வந்தாலுமா சாமி?"

"பாம்பு வந்தாலும்."

விரட்டியே வளர்ந்தவளுக்கு அது எத்தனை கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது. முதல் இரண்டு வருஷம் அணில்கள் பெட்டியின் ஓட்டையைக் கடித்துக் கடித்துப் பெரிதாக்கின. சார் அதை அளந்து நோட்டில் எழுதினார். ஓட்டையை அடைக்கவில்லை. எலுமிச்சம்பழம் நுழைகிற அளவு ஆனபோது மைனா தலையை விட்டுப் பார்க்க ஆரம்பித்தது. அதையும் எழுதினார்.

"அம்மா, சோத்தைக் கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கத்து மதில்ல வைக்கலாங்களா? காக்கா தள்ளிவிட்டா மைனாவெல்லாம் நேரா பெட்டி மேலதான் வந்து குந்துது" என்று இருளாயி ஒரு நாள் சொல்லியிருக்கிறாள்.

"எங்கே வைக்கணும்னு நீ எனக்குச் சொல்றியா? அந்த இடத்துலதான்டி அவன் வந்து சாப்பிடறான்" என்றார் அம்மாள்.

சாரிடம் போய்ப் பெட்டியையாவது மாற்றலாமா என்று கேட்டாள். நடுவில் இடம் மாற்றினால் மூன்று வருஷ நோட்டும் வீண் என்றார் அவர்.

1961 பிப்ரவரி 27, திங்கட்கிழமை, துவாதசி. முதல் நாள் ஏகாதசிக்கு வீட்டில் உலை வைத்திருக்கவில்லை. துவாதசியன்று விடியற்காலையிலேயே தளிகை செய்து, சூரியன் கிளம்பியதும் சாப்பிட்டுவிடுவார்கள். மதிலில் சோறும் அன்றைக்குச் சீக்கிரம் வந்தது. பெட்டிக்குள் மூன்று குருவிக் குஞ்சுகள். சார் கோயிலுக்குப் போயிருந்தார். மைனா இரண்டு, காக்கைக்குப் பயந்து பெட்டிமேல் தாவி, உள்ளே போய், குஞ்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டன. இருளாயி குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டப்படி கை வைக்கவில்லை. மைனாக்கள் போன பிறகு பார்த்தால் ஒரு குஞ்சுக்கு உயிர் இருந்தது. அவளால் அதற்குமேல் முடியவில்லை. மூன்றையும் முந்தானையில் எடுத்து, உயிரோடிருந்ததற்கு விரல் நுனியால் தண்ணீர் தொட்டுக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்து அம்மாள் கொல்லைக் கதவைத் திறந்தார்.

"மடியிலே என்னடி?"

இருளாயி காட்டினாள். முந்தானையெல்லாம் ரத்தம்.

"அட பாவி! உங்க ஜனங்க இதெல்லாம் திங்கற வழக்கம்தான், ஆனா எங்காத்துத் தோட்டத்துலேயா?"

கோயிலிலிருந்து வந்த சார் அவள் சொன்னதைக் கேட்டார். மைனா பொந்துக்குச் சண்டை போடும், முட்டையை உருட்டும், வளர்ந்த குஞ்சை இழுத்துப் போட்டதாகத் தன்னிடம் இருக்கிற புத்தகத்தில் இல்லை என்றார். "ஒத்தைக் கண்ணால நீ என்னத்தைப் பாத்தியோ" என்றாராம். வேலையைவிட்டு எடுக்கவில்லை. ஒரு காகிதம் எழுதி ரேகை வாங்கினார். வாத்தியார் அல்லவா, நகல் ஒன்றும் கொடுத்தார்.

மறு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அந்த நகலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுல என்னண்ணே எழுதியிருக்கு?"

படித்தேன். 'கூட்டிலிருந்த மூன்று குஞ்சுகளை நான் ஆசையால் எடுத்தேன். இனி ஒரு முறை பெட்டியில் குஞ்சுகளுக்குச் சேதம் வந்தால் நானும் என் மகளும் அன்றைக்கே கொட்டகையைக் காலி செய்து போகச் சம்மதிக்கிறேன். இப்படிக்கு இருளாயி.'

"ஆசையாலன்னா?"

"திங்கிற ஆசைன்னு அர்த்தம்."

"தண்ணிதான்ண்ணே காட்டினேன்" என்றாள். பிறகு, "இதுல எம் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

கடைசியில் இருந்த நாலு எழுத்தைக் காட்டினேன்.

"நாலுதானா? எவ்வளவு பெருசா கூப்பிடுறாங்க." விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். "இனிமே எந்தக் காயிதத்துல எம் பேரு இருந்தாலும் எனக்குத் தெரியணும்."

அதற்கப்புறம் வாய்க்கால் ஓரத்து ஈர வண்டலில் ஈர்க்குச்சியால் அந்த நாலையும் தினம் கீறிக்கொண்டிருந்தாள். மாரியாயி கூடத் திருத்தப் போனால் அடி விழும். நகலைப் பார்த்துத்தான் கீறுவாள்.

என் வீட்டுக்கு வந்துவிடு என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஒரே அறை, நாலு குழந்தைகள், மாமியார். என் மனைவி, "ஒத்தைக் கண்ணி முகத்துல முழிச்சிட்டா நீங்க டூட்டிக்குப் போவீங்க?" என்று ஒரு தடவை கேட்டிருந்தாள். இருளாயிக்கு அது தெரியும். நான் அழைக்கக் காத்திருக்கவும் இல்லை. "அண்ணே, அடுத்த மாசியிலயும் குருவி வரும். மைனாவும் வரும். குஞ்சு செத்தா என்னைய வெளிய தள்ளிடுவாங்க. அதுக்குள்ள நான் எண்ணிக் காட்டணும்" என்றாள்.

எப்படி எண்ணுவாய் என்றேன். அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

கொட்டகைச் சுவரோரம் இருபத்தோரு கொட்டாங்குச்சிகளை வரிசையாக வைத்தாள். ஒரு நாளைக்கு மூன்று. சோறு வைக்கும் முன் ஒன்று, வைத்த பிறகு மத்தியானம்வரை ஒன்று, மத்தியானத்துக்கு மேல் ஒன்று. விளக்குமாற்றை அவிழ்த்து ஈர்க்குகளை நறுக்கினாள். மைனா பெட்டிமேல் உட்கார்ந்தால் விரல் நீளக் குச்சி. தலையை உள்ளே விட்டால் அதே குச்சியை நுனி பிளந்து போடுவாள். அணிலுக்கு வளைத்த குச்சி. கிளிக்கு நகம் அளவு. தண்ணீர் ஊற்றினாலும் களை பிடுங்கினாலும் இடுப்பில் ஒரு கட்டுக் குச்சி இருக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போய், கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து எண்ணி, என் நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். 1962 பிப்ரவரி 11-ல் ஆரம்பித்தோம்.

முதல் வாரமே ஒன்று என் கண்ணில் பட்டது. மற்ற நாள்களில் நடுக் கொட்டாங்குச்சியில் மைனாவுக்குப் பதினெட்டு, இருபத்திரண்டு, பத்தொன்பது என்று குச்சி இருந்தது. வியாழக்கிழமைக்கு மட்டும் ஒன்றே ஒன்று.

"வியாழக்கிழமை நீ வேற வேலையா போயிட்டியா?"

"எங்கயும் போகல. அன்னிக்கு அம்மா உலை வைக்கல."

"ஏன்?"

"ஏகாதசியாம். அன்னிக்கு எனக்கும் பட்டினிதான், மைனாவுக்கும் பட்டினிதான்."

நான் என் நோட்டில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஏகாதசி என்று எழுதினேன். அடுத்த ஏகாதசி மார்ச் 2, வெள்ளிக்கிழமை. அன்றும் நடுக் கொட்டாங்குச்சியில் இரண்டு குச்சிதான். மறுநாள் துவாதசிக்கு முப்பத்தொன்று. அதில் ஒன்பது நுனி பிளந்தவை.

பெட்டியில் சண்டை அந்த நாள்களில் ஓயவே இல்லை. குருவி வைக்கோலைக் கொண்டுபோகும், மைனா இழுத்து வெளியே போடும். அணில் வந்தால் குருவி இரண்டும் மூஞ்சியில் கொத்தும். ஆண் குருவிக்கு வலது இறக்கையில் ஒரு சிறகு முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியும் ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மார்ச் 10-ம் தேதி நாலு குஞ்சு பொரித்தது என்று இருளாயி சத்தத்தை வைத்துச் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு நானும் அவளும் சாரிடம் போனோம். அவர் கண்ணுக்கு மிக அருகில் வைத்து, ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். என்னை உட்காரச் சொன்னார். அவளைச் சொல்லவில்லை. ஏகாதசிக் கட்டங்களுக்கு வந்ததும் விரல் நின்றது. வெகுநேரம் மதில் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நேர்த்தியா இருக்கு" என்றார். "ஆனா ரெண்டு ஏகாதசி போறாது. இன்னொண்ணு பார்க்கணும். சனிக்கிழமை வரது."

"குஞ்சு பொரிச்சிருச்சுங்களே சாமி. ஒரு வாரம் மட்டும் சோத்தை நிறுத்திட்டா பறந்து போயிடும்."

"நிறுத்தினா எதைப் பார்க்கறது? ஒண்ணும் மாத்தப்படாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை அவகிட்டே சொல்லிடாதே" என்றார்.

"குஞ்சுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைய வெளிய போகச் சொல்லுவீங்களே?"

சார் எழுந்துகொண்டார். நோட்டை என்னிடம் நீட்டினார்.

சனிக்கிழமை ஏகாதசி. நடுக் கொட்டாங்குச்சியில் ஒரு குச்சிகூட இல்லை. பெட்டிப் பக்கம் மைனாவே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கே நான் போய்விட்டேன். இனிமேல் எழுதுவது எல்லாம் நான் நேரில் பார்த்தது. துவாதசி. உள்ளே அகத்திக்கீரை தாளிக்கிற வாசனை. தென்னை மட்டைகளில் பதினாலு மைனாக்கள் உட்கார்ந்திருந்தன. பட்டினி கிடந்தவை. அவற்றை அவள்தான் எண்ணிச் சொன்னாள், நான் சரிபார்த்தேன். சாரும் எழுந்துவந்து வாழை மறைவில் எங்களோடு நின்றார்.

ஆறு பதினெட்டுக்கு அம்மாள் வந்து மூலையில் சோற்றை வைத்தார். காக்கை கொத்தும்வரை நின்றார். உள்ளே போனார்.

ஆறு இருபதுக்கு மைனாக்கள் இறங்கின. காக்கைகள் விரட்டின. மூன்று மைனா பெட்டிமேல் போய் உட்கார்ந்தன. ஆண் குருவி ஓட்டைக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கத்தியது. ஒரு மைனா அதன் தலையைக் கவ்வி வெளியே இழுத்தது. முறிந்த சிறகோடு உடனே எழும்ப முடியாமல் அது மதிலில் விழுந்தது. ஒரு காக்கை அதை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. பெண் குருவி கொய்யா மரத்துக்கும் பெட்டிக்குமாகப் பறந்துகொண்டே இருந்தது. மைனா உள்ளே போய் முதல் குஞ்சோடு வந்தது. முள்முள்ளாகச் சிறகு முளைத்திருந்த குஞ்சு. பெட்டி விளிம்பில் வைத்து மூன்று தடவை கொத்தியது. கீழே போட்டது. மறுபடி உள்ளே போனது.

இருளாயியின் கை தானாகத் தரையில் கல்லைத் தேடிற்று. சார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, விரட்டும்மா!" என்று கொட்டகை வாசலிலிருந்து மாரியாயி அலறினாள். அந்தச் சத்தத்தில் அம்மாள் வெளியே ஓடிவந்தார். இரண்டாவது குஞ்சு அவர் காலடியில் விழுந்தது.

"என்னடி, பாத்துண்டு நிக்கறே! விரட்டுடி! கல்லு மாதிரி நிக்கறியே!"

"அவளை ஒண்ணும் சொல்லாதே, நான்தான் பிடிச்சுண்டிருக்கேன்" என்றார் சார். மூன்றாவது விழுந்தது. அவர் குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "அதுகள் எல்லாம் உன் சோத்துக்கு வந்ததுகள்."

அம்மாள் கையிலிருந்த பித்தளைத் தட்டு கீழே விழுந்தது. மைனாக்கள் எழும்பின. நாலாவது குஞ்சு பெட்டி விளிம்பில் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, தலை இல்லாமல். மணி ஆறு இருபத்தெட்டு.

"யார் சொன்னா அப்படி?" என்றார் அம்மாள்.

சார் இருளாயியைக் காட்டினார். அவளும் அவள் அண்ணனும் ஏகாதசி ஏகாதசியாக எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார். தான் இன்னொரு ஏகாதசி வேண்டும் என்று கேட்டதைச் சொல்லவில்லை.

அம்மாள் கொட்டகைக்குப் போய் அந்த வரிசையைப் பார்த்தார். "இதிலேயா? என் குழந்தைக்கு நான் வைக்கற சாதத்தை இந்தக் கொட்டாங்குச்சியிலேயா எண்ணினே? இத்தனை நாளா என் சோத்தைத் தின்னுண்டேவா?" ஒவ்வொன்றாகக் காலால் தள்ளினார். குச்சிகள் சிதறின. இருளாயி தடுக்கவில்லை.

"அம்மா, உங்க மகனுக்கு வைக்கறதை நான் தப்பு சொல்லலைங்க. எடத்தைத்தான் சொன்னேன்."

"அவன் பேச்சை எடுக்காதே. உன் வாயாலே எடுக்காதே. நீ கணக்கு தப்புன்னு எழுதிக் குடு, இல்லேன்னா பொழுது சாயறதுக்குள்ளே உன் பெண்ணைக் கூட்டிண்டு போயிடு."

சார் உள்ளே போய்க் காகிதமும் மைப்பெட்டியும் கொண்டுவந்தார். கிணற்று மேடையில் வைத்து எழுதினார். எனக்கே படிக்கக் கொடுத்தார். 'மைனாக்கள் குஞ்சுகளைக் கொன்றன. சோற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொன்னது என்னுடைய தப்புக் கணக்கு. இப்படிக்கு இருளாயி.'

"ரேகை வச்சுடு" என்றார் மெதுவாக. "போன வருஷத்துக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன். மைனாதான் கொன்னதுன்னு எழுதியாச்சே, உன் மேலே இருந்த பழி போயிடுத்து. கொட்டகை உனக்கு ஆயுசுக்கும். அவ மனசுக்காகத்தான் கேக்கறேன்."

"சாமி, எண்ணினது தப்புங்களா?"

"தப்புன்னு நான் சொல்லலை."

"அண்ணன் நோட்டுல ஒரு எடமாவது தப்புங்களா?"

"இல்லை."

அவள் மைப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது என் மனைவி என்ன சொல்வாள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். "வச்சிடேன் இருளாயி" என்றேன்.

"மாரியாயி, பாயைச் சுருட்டு. அடுப்புக் கல்லை விட்டுட்டு மத்ததெல்லாம் எடுத்துக்க" என்றாள் அவள். என்னிடம் திரும்பி, "அண்ணே, நோட்டை எடு. இன்னிக்கு நடந்ததையும் எழுது. காக்கா தூக்கிட்டுப் போன ஆண் குருவியை விட்டுடாதே" என்றாள்.

எழுதினேன். சோறு வைத்தது ஆறு பதினெட்டு. மைனா பதினாலு. பெட்டிமேல் மூன்று. ஆண் குருவி ஒன்று, குஞ்சு நாலு, எல்லாம் சேதம். முடிந்தது ஆறு இருபத்தெட்டு. அம்மாள் கொல்லைக் கதவில் சாய்ந்து நின்றார். நான் எழுதியதைச் சார் என் தோளுக்குமேல் குனிந்து கடைசி வரி வரை படித்தார். ஒரு எண்ணைக்கூட மறுக்கவில்லை.

"பார்த்தவர்னு போட்டு அடியில எடம் விடு" என்றாள்.

போட்டேன். என் பேனாவை வாங்கி, ஈர்க்குச்சியைப் பிடிப்பதுபோலக் கீழே பிடித்தாள். கிணற்று மேடையில் நோட்டை வைத்து, வலது கண்ணுக்கு நேராகத் தலையைச் சாய்த்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ளாவன்னாவின் துணைக்கால் மட்டும் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஒரு நிமிஷத்துக்குமேல் ஆயிற்று. முடித்துவிட்டுப் பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள். என் தங்கை இருளாயி முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டது 1962-ம் வருஷம் மார்ச் மாதம் 18-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.